செத்த வால்வுக்குப் புது வயர்

முதல் கல் காரின் பின்கண்ணாடியில் விழுந்தபோது எட்சன் பிரேக்கை மிதித்தான். அடுத்த கல் விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

"வரவேற்பு பலமா இருக்கு அக்கா. மாலை மட்டும்தான் குறைச்சல்."

"வாயை மூடிட்டு உள்ள விடுலே" என்றாள் ஜெபகுமாரி. அவள் தலையைக் குனியவில்லை. எறிகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தக் காவல் நிலையத்தின் வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. ரப்பர் பால் வெட்டும் பெண்கள், அவர்களுடைய அண்ணன் தம்பிகள், எஸ்டேட் பஸ்ஸை விட்டு இறங்கி அப்படியே நின்றுவிட்டவர்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் நந்தனா. தட்டியில் அவளுடைய அம்மை நாகம்மையின் படம். காலேஜ் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை, கல்லெறியவில்லை. காருக்குள் இருந்தவர்களை வெறித்துப் பார்த்தாள். கல்லைவிட அது அதிகமாக வலித்தது எட்சனுக்கு.

போன வாரம் ஒரு மழை மதியத்தில், கீரிப்பாறைக்குக் கீழே உள்ள வளைவில், பஸ்ஸுக்காகக் குடை பிடித்து நின்ற நாகம்மையின் மேல் ஒரு பழைய பிக்கப் ஏறியது. ரப்பர் பால் கேன் ஏற்றி இறங்கி வந்த வண்டி. ஓட்டியவன் ஸ்ரீஜித். கால் முறிந்து, போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னான். வாகன ஆய்வாளர் வந்து, வண்டியை இதே முற்றத்தில் ஓட்டிப் பார்த்து, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றோடு ஸ்ரீஜித் ஊருக்குக் கொலைகாரனும் ஆனான், பொய்யனும் ஆனான்.

அவனை நம்பியது அவனுடைய மனைவி ஜிஷா மட்டும்தான். அவள் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி, வாகன விபத்துகளைத் துப்பறிந்து கொடுக்கும் ஜெபகுமாரியின் ஆபீசைத் தேடிப் பிடித்து, "எனக்க மாப்ள பொய் சொல்லமாட்டாரு, ஒருக்கா போய்ப் பாருங்க அக்கா" என்று கெஞ்சினாள். அதனால்தான் இந்தக் கல்லடி.

இன்ஸ்பெக்டர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஆய்வாளர் பாத்து முடிச்ச வண்டியை நீங்க என்னம்மா புதுசா பாக்கப் போறீங்க?"

"அவரு பிரேக்கைப் பாத்தாரு. நாங்க வண்டியைப் பாக்கணும் சார்" என்றாள் ஜெபகுமாரி.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா இருந்தா சீக்கிரம் முடிச்சுட்டுப் போயிடுவோம்."

அவர் எட்சனைப் பார்த்தார். "இவன் யாரு?"

"ஷார்ஜாவுல பழைய பிக்கப்புக்கு வைத்தியம் பாத்தவன் சார். இப்ப இவங்களுக்கு டிரைவர், மெக்கானிக், கல்லடி வாங்குற ஆளு. மூணுக்கும் சேத்து ஒரே சம்பளம்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள வண்டியை விட்டு விலகிடணும். வெளிய நிக்கிறவங்க உள்ள வந்தாங்கன்னா நான் பொறுப்பில்ல." சாவியைக் கான்ஸ்டபிள் ஜாஸ்பினிடம் எறிந்தார். ஜாஸ்பின் அதைப் பிடித்துக்கொண்டு, தனக்கு இந்த வேலை துளியும் பிடிக்கவில்லை என்பதை நடையிலேயே காட்டியபடி முன்னால் போனாள்.

பிக்கப் பின்முற்றத்தில், வாகை மரத்தடியில் நின்றது. இடது முன்பக்கம் நசுங்கியிருந்தது. மழை விட்டு வெயில் காய்ந்த நாட்களில் காக்காய்கள் முன்கண்ணாடி முழுக்க எச்சமிட்டு வைத்திருந்தன. பக்கத்தில் தெர்மாஸ் ஃபிளாஸ்கோடு ஒருவன் நின்றிருந்தான்.

"ஸ்ரீஜித்துக்காக வந்தவங்களா?" என்று ஓடி வந்தான். "நான் ஆன்ஸ்லின். இதே வண்டியில காலத்த டிரிப்பு எனக்கு, மத்தியான டிரிப்பு அவனுக்கு. ஒரே பாயில படுத்து எந்திரிச்சவங்க நாங்க. சாயா குடிங்க அண்ணே. கல்லு ஒண்ணும் படல்லையே?"

கட்டன் சாயாவை மூடியில் ஊற்றி நீட்டினான். காலையிலிருந்து இந்த ஊரில் ஒருவன் முகம் கொடுத்துப் பேசியது இதுதான் முதல் தடவை. எட்சன் அதை ஒரே மடக்கில் குடித்தான்.

"நீங்க தினம் இங்க வருவீங்களா?" என்று கேட்டாள் ஜெபகுமாரி.

"வராம? வண்டியை இப்படி வெயில்லயும் மழையிலயும் போட்டு வச்சிருக்கானுவ. ஒரு டார்ப்பா போட விடுங்க, நான் ஒருக்கா தொடச்சுத் தாறேன்னு கேட்டுப் பாத்தேன். கிட்ட விடமாட்டேங்குதானுவ." ஜாஸ்பினை ஓரக்கண்ணால் பார்த்தான். "பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கக்கா. உள்ளுக்குள்ள லீக் இருந்தா வெளிய தெரியாது. பானட்டை நான் வேணா தொறந்து தாறேன்."

அவன் கை பானட்டுக்குப் போவதற்குள் முற்றத்தின் மறுகோடியிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"எவம்லே எனக்க வண்டியில கை வைக்கது?"

முத்துநாயகம். வண்டியின் முதலாளி. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். "குடிச்சுட்டு ஓட்டி ஒரு பொம்பளையைக் கொன்னுட்டு, பிரேக்கு மேல பழி போடுதான். அதுக்கு நீங்க ரெண்டு பேரும் சாட்சியா? எனக்க வண்டியைப் பிரிச்சுப் போட்டா நீங்க முழுசா நாகர்கோவிலுக்குப் போகமாட்டீங்க, கேட்டுக்கிடுங்க!"

"ரத்தத்துல குடி இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லியாச்சே" என்றாள் ஜெபகுமாரி.

"அப்ப தூங்கியிருப்பான்! ஏலே ஆன்ஸ்லினே, உனக்கு இங்க என்ன சோலி? இவங்களுக்கு எடுபிடியா? வா இஞ்ச!"

அவர் ஆன்ஸ்லினைச் சட்டையைப் பிடிக்காத குறையாக நிலையத்தின் முன்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆன்ஸ்லின் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

"பாவம்" என்றான் எட்சன். "இந்த ஊர்ல உருப்படியா ஒருத்தன் இருந்தான், அவனையும் கூட்டிட்டுப் போயிட்டாரு. அக்கா, எனக்கு இந்த முதலாளி மூஞ்சி பிடிக்கல்லை."

"மூஞ்சியைப் பொறவு பாப்போம். பானட்டைத் தொற."

எட்சன் திறந்தான். பழைய டீசல் எஞ்சினின் சூடில்லாத எண்ணெய் வாடை வந்தது. ஷார்ஜா ஞாபகம் வந்தது அவனுக்கு. ஐம்பது டிகிரி வெயிலில் இதே மாதிரி வண்டி வயிறுகளைத் திறந்து பார்த்தே அவனுடைய இருபதுகள் போயின.

"காலத்த ஆஸ்பத்திரியில ஸ்ரீஜித் நம்மகிட்ட என்ன சொன்னான்?" என்று கேட்டாள் ஜெபகுமாரி.

"பிரேக்கை மிதிச்சா கல்லைச் சவிட்டின மாதிரி இருந்துச்சுன்னான்."

"பெடல் உள்ள போய் விழுந்துச்சுன்னு சொன்னானா?"

"இல்லை." எட்சன் நிமிர்ந்தான். "அட, ஆமா. ஆயில் போச்சுன்னா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போவும். இவனுக்குக் கல்லாயிருக்கு. அப்ப கோளாறு ஆயில்ல இல்லை, காத்துல."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இந்தா, இது பம்பு. காத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். இந்தத் தடி ஹோஸ் வழியா அந்த உருண்டை டப்பாவுல இருக்க காத்தை இழுக்கும். அதுதான் பூஸ்டர். அதுக்குள்ள காத்தே இல்லாம வேக்குவமா இருந்தாத்தான் நாம காலால லேசா மிதிச்சாலும் வண்டி நிக்கும். வேக்குவம் போச்சுன்னா, பாரம் ஏத்தின வண்டியை நம்ம வெறுங்கால்தான் நிறுத்தணும். மலை இறக்கத்துல எப்பேர்ப்பட்ட காலாலயும் முடியாது."

"இப்ப அதுல ஓட்டை இருக்கா?"

எட்சன் ஹோஸைத் தடவிக்கொண்டே போனான். வெடிப்பு இல்லை, கிளிப் எல்லாம் இறுக்கம். ஆய்வாளர் சொன்னது சரிதான். ஆனால் பூஸ்டருக்கு ஒரு சாண் முன்னால் தடி ஹோஸிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரிந்து போனது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா.

"இது வேக்குவம் சுவிட்ச். கரண்ட் குடுத்தா தொறக்கும், இல்லைன்னா மூடிக்கிடும். புகை சாமானோட சேந்தது. எஞ்சின் புகையில கொஞ்சத்தைத் திரும்ப உள்ள அனுப்ப ஒரு வால்வு உண்டு, அதை இயக்கறது இவன்தான்." கையை எஞ்சினுக்குப் பின்னால் விட்டுத் துழாவினான். "எதிர்பாத்ததுதான். வால்வைத் தகரம் வச்சு அடைச்சிருக்கானுவ. புகை உள்ள திரும்பி வந்தா வண்டி மலை ஏறாதுன்னு பழைய வண்டி ஓட்டுற பாதிப் பேரு இதைத்தான் செய்வானுவ. தகரம் துருப் பிடிச்சுப் போயிருக்கு. அடைச்சு வருஷக் கணக்காச்சு."

"அப்ப இந்த சுவிட்சுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை. பென்ஷன் வாங்கிட்டு சும்மா உக்காந்திருக்கு. வால்வு செத்தாச்சு, சுவிட்சும் செத்த மாதிரிதான்."

ஜெபகுமாரி எஞ்சின்மேல் குனிந்தாள். அந்தக் கறுப்பு டப்பாவையே பார்த்தாள். அதன் பழைய சாம்பல் நிற பிளக், கழற்றி விடப்பட்டுத் தனியாகத் தொங்கியது. டப்பாவின் முனைகளில் வேறு ஒரு வயர் செருகியிருந்தது. மேலே டேப் சுற்றி, கிரீஸ் பூசி அழுக்காக்கி வைத்திருந்தார்கள். அவள் நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பினாள். உள்ளே பளபளவென்று சிவப்பு. டேப்பின் பசை அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

"செத்த சாமானுக்கு யாருலே புது வயர் போட்டது?"

எட்சன் குனிந்து பார்த்தான். வயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது மற்ற வயர்களோடு சேர்ந்து டாஷ்போர்டுக்குப் பின்னால் நுழைந்து மறைந்தது. பிறகு சுவிட்சின் மறுபக்கத்துக் குழாயைப் பிடித்துப் பார்த்தான். வால்வுக்குப் போக வேண்டிய அந்தக் குழாய் வால்வுக்குப் போகவில்லை. பேட்டரிக்கு அடியில் வெட்டி விடப்பட்டிருந்தது. வெட்டிய வாயில், சத்தம் கேட்காமலிருக்க ஒரு துண்டு ஸ்பாஞ்சு.

"அக்கா" என்றான். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "இந்த சுவிட்சுக்குக் கரண்ட் வந்தா, பூஸ்டருக்க வேக்குவம் எல்லாம் இந்த வாய் வழியா போயிரும். பெடல் கல்லாயிரும். கரண்ட் நின்னா எல்லாம் பழையபடி ஆயிரும். ஆய்வாளர் இல்லை, வண்டியைச் செஞ்ச கம்பெனிக்காரனே வந்து பாத்தாலும் பிரேக் நல்லாத்தான் இருக்கும்."

"எப்ப கரண்ட் வரும்?"

"அதுதான் தெரியல்லை. லைட்டா இருக்கலாம், ஹாரனா இருக்கலாம். டாஷ்போர்டைப் பிரிக்கணும்."

"அதுக்கு இன்ஸ்பெக்டர் விடமாட்டாரு. ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்."

வேண்டாவெறுப்பாகச் சாவியைக் கொடுத்தாள் ஜாஸ்பின். ஜெபகுமாரி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பானட்டைப் பாதி இறக்கிக் கையால் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையை அந்தக் குழாயின் பக்கத்தில் வைத்திருந்தான் எட்சன். எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. அவள் லைட்டைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஹாரனை அடித்தாள். வாசலில் கூட்டம் ஆத்திரத்தோடு கூச்சலிட்டது, அவ்வளவுதான். இண்டிகேட்டரையும் போட்டுப் பார்த்தாள்.

"பெடல் எப்படி?" என்று கத்தினான்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு. நீ கையைக் காட்டுறது தெரியல்லைலே, கண்ணாடி பூரா காக்கா எச்சம்."

அவள் வைப்பரைத் தட்டிவிட்டாள்.

எஞ்சின் இரைச்சலுக்குள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். எட்சனின் கைக்கடியில் வெட்டிய குழாய் உஸ்ஸென்று சீறியது. கண்ணாடியின் மேல் வைப்பர் பட்டைகள் எச்சத்தை வெள்ளையாக இழுத்துப் பூசின. அந்த வெள்ளைக்குப் பின்னால் ஜெபகுமாரியின் முகம் மாறுவது அவனுக்குத் தெரிந்தது.

"எட்சா, பெடல் கல்லாச்சு."

அவன் ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டைவிரலால் குழாயின் வாயை அடைத்தான். அது விரலை இறுகக் கவ்வியது. "இப்ப?"

"இளகிட்டு வருது."

விரலை எடுத்தான். "இப்ப?"

"கல்லு."

எஞ்சினை அணைத்தாள். முற்றம் சட்டென்று அமைதியானது. எட்சன் வியர்வையைத் துடைக்காமல் நின்றான். ஐப்பசி மாசம். கீரிப்பாறையில் காலையில் வெயில், மத்தியானமானால் மழை. மழை வந்தால் வைப்பரைப் போட்டே ஆகவேண்டும். வைப்பரைப் போட்ட கை, தன் பிரேக்கைத் தானே அறுத்துக்கொள்ளும். ஸ்ரீஜித் அந்த வளைவில் கல்லை மிதித்துக்கொண்டு, குடை பிடித்து நின்ற ஒரு பெண்ணை நோக்கி இறங்கியது அவன் கண்ணுக்குள் ஓடியது.

"முதலாளிதான்" என்றான். "அந்தாளு நம்மளைத் தொடவே விடல்லை பாத்தியளா? இதுக்குத்தான்."

ஜெபகுமாரி அவனைப் பார்க்கவில்லை. ஜாஸ்பினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற ஜாஸ்பின் இப்போது வண்டிக்குப் பக்கத்தில் வந்து, முன்கண்ணாடியை வாயைப் பிளந்து பார்த்தாள்.

"வைப்பர் வேலை செய்யுதா?" என்றாள்.

"செய்யுதே. ஏன் கேக்குறீங்க?"

"ரிப்பேருன்னுல்லா சொன்னான்!" ஜாஸ்பினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்னைக்கு ஆக்சிடெண்ட் நடந்த இடத்துல இருந்து வண்டியை இங்க கொண்டுவர டிரைவர் வேணும்னாங்க. இவன் ஓடி வந்து நான் எடுக்கேன்னான். காவலுக்கு நான் பக்கத்துல உக்காந்தேன். மழை அப்படிக் கொட்டுது. வைப்பரைப் போடுலேன்னா ரிப்பேருங்கான். ஒரு கையால துண்டை வெளிய நீட்டிக் கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சு, தலையை வெளிய போட்டுக்கிட்டு ஓட்டிட்டு வந்தான். கீழ வந்து சேருறதுக்குள்ள எனக்கு உயிரே போயிட்டு."

"யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று கேட்டாள் ஜெபகுமாரி. கேட்ட விதத்தில், பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எட்சனுக்குப் புரிந்தது.

"அவன்தான். ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு தினம் வந்து நிப்பானே."

எட்சன் குடித்த சாயா நெஞ்சில் கசந்து ஏறியது.

"இல்லைக்கா" என்றான். "அவன் ஸ்ரீஜித்துக்குக் கூட்டாளி. அவன் ஒருத்தன்தானே நம்மளை மனுஷனா நடத்தினான்..."

"காலத்த டிரிப்பு யாருக்கு?"

அவன் சிவப்பு வயரைத் திரும்பிப் பார்த்தான்.

"காலத்த மழை கிடையாது. வயரைப் போட்டவன் தன் டிரிப்பை நிம்மதியா ஓட்டுவான். முதலாளிக்கு எது காலத்த, எது மத்தியானம்? வண்டி போனா ரெண்டு நேரமும் அவருக்குத்தான் போச்சு. ஆன்ஸ்லின் தினம் இங்க வந்து டார்ப்பா போடுறேன், தொடச்சுத் தாறேன்னு கேட்டானே, நம்மளை ஆயில் டப்பா பக்கம் திருப்பப் பாத்தானே, எதுக்குலே? அன்னைக்குப் பக்கத்துல போலீஸ் உக்காந்திருந்துச்சு. வயரைப் பிடுங்க அவனுக்கு இதுவரைக்கும் நேரம் கிடைக்கல்லை."

இன்ஸ்பெக்டர் ஏப்பம் விட்டபடி வந்தார். அவருக்குப் பின்னால் முத்துநாயகமும், அவருக்கும் பின்னால் ஆன்ஸ்லினும். "முடிஞ்சுதா? கிளம்புங்க."

"முடிஞ்சுது சார். ஒரே ஒரு உதவி. வண்டி பழகின கையா இருந்தா நல்லது." ஜெபகுமாரி கதவைத் திறந்து பிடித்தாள். "ஆன்ஸ்லின், ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. கேட்டு வரைக்கும் ஒரு தடவை ஓட்டிக் காட்டினா போதும்."

ஆன்ஸ்லினின் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் ஓடியது. பக்கத்து இருக்கையில் எட்சன் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"கண்ணாடி அழுக்கா இருக்கு. வைப்பரைப் போட்டுக்கிடுங்க" என்றாள் ஜெபகுமாரி வெளியிலிருந்து.

"அது ரிப்பேருக்கா. ரொம்ப நாளாச்சு."

எட்சன் எட்டி வைப்பரைத் தட்டினான். பட்டைகள் கண்ணாடியில் நன்றாகவே ஓடின.

ஆன்ஸ்லின் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கலாம். 'அட, சரியாயிட்டே' என்று சொல்லியிருந்தால்கூட யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் பயம் முந்திக்கொண்டது. அவன் எட்சனின் கையைத் தட்டிவிட்டு, பாய்ந்து வைப்பரை அணைத்தான். அணைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்குப் புரிந்தது. சுவிட்சைப் பிடித்த கை அங்கேயே நின்றது. வெளியே நாலு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலை செய்யுற வைப்பரை ஏன் அணைச்சீங்க?" என்று கேட்டாள் ஜெபகுமாரி.

அவன் இறங்கி ஓடவில்லை. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். ஜாஸ்பின் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். எட்சன் பானட்டைத் தூக்கி, இன்ஸ்பெக்டருக்குச் சிவப்பு வயரைக் காட்டி, குழாயைக் காட்டி, நடந்ததைச் சொன்னான். இன்ஸ்பெக்டர் கேட்டு முடித்து, "ஆய்வாளர் எப்படிக் கண்டுபிடிக்காம விட்டாரு?" என்று யார் மேலோ எரிந்து விழுந்தார்.

"அவரு வந்த அன்னைக்கு வெயில் சார்" என்றாள் ஜெபகுமாரி.

முத்துநாயகம்தான் முதலில் அசைந்தார். ஆன்ஸ்லினின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "எனக்க வண்டியிலயாலே? எனக்க சோத்தைத் தின்னுட்டா?"

"பயம் காட்டத்தான் நெனச்சேன்." ஆன்ஸ்லினின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "காலத்த டிரிப்புல பால் கேனுக்கு அடியில ஈட்டி மரத் தடி வச்சுக் கொண்டு வந்தேன். காட்டுல வெட்டின தடி. ஸ்ரீஜித் கண்டுட்டான். நிறுத்து மக்கா, இல்லைன்னா ஃபாரஸ்டுக்காரன்கிட்ட சொல்லிருவேன்னான். வண்டி எங்கயாவது மண்மேட்டுல போய் இடிக்கும், பயந்து வேலையை விட்டுருவான்னு..." எச்சிலை விழுங்கினான். "நாகம்மை அக்கா அங்க நிப்பாங்கன்னு நான் நெனைக்கல்லை."

"மலைப்பாதையில பிரேக்கைப் பிடுங்கிட்டு, யாரு எங்க நிப்பாங்கன்னு நீ கணக்குப் போட்டியாக்கும்?" என்றான் எட்சன். "அந்த சாயாவைக் குடிச்ச வாயைக் கழுவணும் நான்."

ஜெபகுமாரி போனை எடுத்து ஜிஷாவிடம் மூன்றே வார்த்தை பேசினாள். "கிளம்பி ஸ்டேஷனுக்கு வா."

செய்தி சுவரைத் தாண்ட நேரமாகவில்லை. வாசலில் கூச்சல் ஒருமுறை அடங்கி, பிறகு முன்னைவிடப் பெரிதாக எழுந்தது. ஸ்ரீஜித்தின் பெயர் இருந்த இடத்தில் ஆன்ஸ்லினின் பெயர் வந்திருந்தது. கேட்டின் கம்பிகள் ஆடின. ஒருவன் மதில்மேல் ஏறிவிட்டான். இன்ஸ்பெக்டர் ஆன்ஸ்லினை லாக்கப்புக்குள் தள்ளி, போலீஸ்காரர்களை வரிசையாக நிறுத்தினார். ஜெபகுமாரி நேராகக் கேட்டுக்குப் போனாள். எட்சன் வேண்டாமென்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் ஓடினான்.

"அவனை வெளிய விடுங்க!" என்று ஒருவன் கத்தினான்.

"விடமாட்டாங்க" என்றாள் ஜெபகுமாரி. "போன வாரம் ஸ்ரீஜித்தை விட்டிருந்தா இதே மாதிரி அடிச்சே கொன்னிருப்பீங்க. இப்ப உண்மை தெரிஞ்ச பொறவு, அடிச்ச அந்தக் கையை என்ன செஞ்சிருப்பீங்க?"

"நீ எங்களுக்குப் புத்தி சொல்ல வந்தியா?" என்று ஒரு பெண் அவள் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். எச்சில் கேட்டுக் கம்பியில் வழிந்தது. ஜெபகுமாரி நகரவில்லை.

நந்தனா அதே இடத்தில்தான் நின்றாள். அம்மையின் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டருகே வந்தாள். அழுகை இல்லை. குரல் மட்டும் கரகரத்தது.

"ஆன்ஸ்லின் அண்ணன்தானா?"

"ஆமா."

"எங்க அம்மையை எடுத்துட்டுப் போகும்போ முன்னால தோள் குடுத்தது அவருதான். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல எல்லாருக்கும் கஞ்சி வச்சுக் குடுத்தாரு. வேண்டாம்னு சொன்னேன், கெஞ்சிக் குடிக்க வச்சாரு." கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளும் ஒருத்தரை வெறுத்தாப் போதும்னு இருந்தேன். நீங்க வந்து அதையும் பிடுங்கிட்டீங்க."



அப்போதுதான் ஆட்டோ வந்தது. உள்ளே ஜிஷா. கூட்டத்தைப் பார்த்ததும் ஆட்டோக்காரன் தூரத்திலேயே நிறுத்திவிட்டான். ஜிஷா இறங்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சீட்டின் மூலைக்குள் ஒடுங்கினாள். முந்தாநாள்தான் இவர்கள் அவளுடைய வீட்டு ஓட்டை உடைத்தார்கள். கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. என்ன செய்வதென்று தெரியாத ஒரு பகை அந்த முகங்களில் அப்படியே உறைந்து நின்றது. யாரும் வழிவிடவில்லை.

நந்தனா கேட்டை விட்டுவிட்டு நடந்தாள். ஆட்களைத் தோளால் இடித்து ஒதுக்கினாள். "மாறுங்கலே" என்றாள், யாரையும் பார்க்காமல். ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இறங்குங்க."

ஜிஷா இறங்கினாள். நந்தனா அவளுடைய கையைப் பிடிக்கவில்லை. முன்னால் நடந்தாள். அவள் நடந்த வழியில் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கேட்டு வரைக்கும் வந்து நின்று, ஜிஷாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து அவரைப் பாப்பேன்னு சொல்லமாட்டேன். எனக்கு முடியாது. அவரைப் பாத்தா அந்த வண்டிதான் தெரியும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா அவரு வீட்டுக்கு வரும்போ ஒருத்தரும் தடுக்கமாட்டாங்க. நான் நிப்பேன்."

ஜாஸ்பின் கேட்டைத் திறந்துவிட்டாள். ஜிஷா உள்ளே போனாள். நந்தனா திரும்பிப் போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த அம்மையின் படத்தைத் துடைத்து, பஸ் வரும் பக்கமாக எடுத்துக்கொண்டு நடந்தாள்.